பச்சை நூல் கட்டிய சாவி

பூட்டுக்காரருக்கு அந்தப் பேட்டையைக் கண்டாலே ஆகாது. ஆனால் அவருக்குச் சோறு போட்டதும் அதுதான். நாளைக்கொரு திருட்டு, முனைக்கு முனை கத்திச் சண்டை. புதுப் பூட்டுக்கு ஆள் வந்துகொண்டே இருந்தது. இப்போது பாதித் தெருவை இடித்துப்போட்டு, சாக்கடையை மறைத்துத் தகரம் அடித்து, அதன்மேல் நீரூற்றும் சிரிக்கிற குடும்பமுமாகப் படம் வரைந்திருந்தார்கள். நாற்றம் மட்டும் அப்படியே இருந்தது.

அவரிடம் ஒரு பழக்கம். எந்தப் பூட்டைப் போட்டாலும் ஒரு சாவி கூடுதலாக வெட்டி, வீட்டுக்கொரு நிறத்தில் நூல் கட்டிக் கடைப் பலகையில் மாட்டிவைப்பார். சாவியைத் தொலைத்தவர்கள் ஓடிவந்தால் எடுத்துக் கொடுப்பதில் அப்படியொரு பெருமை.

கடைசி வீட்டு டீச்சர் தனியாள். அவருக்குப் பச்சை நூல். பூட்டு உடையாமலே அவர் வீட்டில் பொருள் காணாமல் போனது. பூட்டுக்காரர் வேறு பூட்டு மாட்டியும் நிற்கவில்லை. டீச்சர் பூட்ட மறந்திருப்பார் என்று தெருவே சொன்னது, பூட்டுக்காரரும் சொன்னார். கடைசியில் தன் புத்தியின் மேலேயே நம்பிக்கை போய், டீச்சர் வந்த விலைக்கு வீட்டைத் தள்ளிவிட்டார். முடித்துக் கொடுத்த தரகன் பூட்டுக்காரரின் மைத்துனன், எந்நேரமும் அவர் கடையிலேயே கிடப்பவன். அவனுடைய அக்கா கல்யாணமான நாளிலிருந்து சொந்த வீடு, சொந்த வீடு என்று உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள். பூட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிட்டார்.

பூட்டுக்காரர் குடிபோகிற அன்று டீச்சர் கடைக்கே வந்து சாவியைக் கொடுத்தார்.

"பூட்டினேன்னுதான் எனக்கு இன்னமும் தோணுது," என்றார்.

அந்தச் சாவி சட்டைப்பையில் இருக்க, போய்ப் பார்த்தால் வீடு திறந்து கிடந்தது. உள்ளே மைத்துனன் மின்விசிறிக்கு அடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். கதவில் தொங்கிய சாவியில் பச்சை நூல். கடைப் பலகையில் இருக்க வேண்டியது, அவர் போட்ட முடிச்சேதான்.

"எத்தனை நாளாடா இது உன்கிட்ட இருக்கு?"

"விடுங்க மாமா. இல்லாட்டி அந்தம்மா வித்திருப்பாங்களா? இந்த ஏரியாவே மாறப்போகுது, அப்ப என்னைக் கும்பிடுவீங்க."

பூட்டுக்காரர் டீச்சரைத் தேடிப் போய் உண்மையைச் சொல்லி, வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று திரும்பினார். வாசலில் பாத்திர மூட்டையோடு மனைவி நின்றிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. கதவிலிருந்து சாவியை உருவி அவர் கையில் வைத்தாள்.

"முதல்ல பூட்டை மாத்துங்க. இவன் கைல சாவி இருந்தா நாம நிம்மதியாத் தூங்க முடியாது."

டீச்சரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவருக்குத் தூ, இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் கடைக்குப் போய், இருந்ததிலேயே உறுதியான பூட்டைக் கொண்டுவந்து மாட்டினார். அதற்கு மட்டும் கூடுதல் சாவி வெட்டவில்லை.