வாசலில் போட்ட கல்

எங்கள் தெருவில் ரோடு போடும்போதெல்லாம் உயரம் கூடிக்கொண்டே போகிறது. மழைத் தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்று, கீரப்பாளையத்தில் என் செங்கல் வீட்டு வாசலில் மண் கொட்டி மேடாக்கி, சுவரை ஒட்டியே பேவர் பிளாக் கல் பதித்தேன்.

அடுத்த மழைக்கு உள்சுவர் பெயிண்ட் பொரிந்து உதிர்ந்தது. அடித்தவர் லால்பேட்டை பாய். வந்து சுரண்டி மறுபடி அடித்தார். அதுவும் உதிர்ந்தது. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. பாய் மட்டமான பெயிண்ட் அடித்து ஏமாற்றிவிட்டார் என்று தெரு முழுக்கச் சொன்னேன். எதிர்வீட்டு மச்சான் அவருக்குக் கொடுக்க இருந்த வேலையை நிறுத்திவிட்டார்.

மூன்றாம் முறை பாய் கடப்பாரையோடு வந்தார். சுவரோரம் நான்கு கல்லைப் பெயர்த்தார். உள்ளே செங்கல் ஊறிப்போய், தொட்டால் மாவாக உதிர்ந்தது.

"ஈரம் மேல ஏறாம தடுக்கற பேஸ்மட்டம் எங்கண்ணே? மண்ணப் போட்டு நீங்களே மூடிட்டீங்க. செவுரு தண்ணி குடிக்கிது. நான் தங்கத்தயே பூசினாலும் நிக்காது. ஓரத்துல ரெண்டடி கல்ல எடுத்து, பேஸ்மட்டத்துக்குக் கீழ எறக்கிப் போடுங்க."

கல்லை இறக்க இரண்டு நாள் ஆனது. பிறகு மச்சானிடம் போனேன்.

"தப்பு என்னுதுதான் மச்சான். பாய் மேல குத்தமில்ல."

"நல்லா வந்து சொன்ன போ. நேத்துதான் வேற ஆளு அடிச்சி முடிச்சான்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் பேசியது பாய் காதுக்குப் போகாமல் இருந்திருக்காது. ஆனாலும் வந்தார். நானாக இருந்தால் வந்திருக்க மாட்டேன்.