கீறல் இல்லாத படம்

நல்லமுத்து அந்தப் படத்தை வெயிலுக்கு நேராகத்தான் பிடிப்பார். சூளையில் வெந்து வந்த பீங்கான் கப்பைத் திருப்பித் திருப்பி மயிரிழைக் கீறல் தேடுவதுபோல, தான் வேலை செய்யும் பீங்கான் கம்பெனி எதிரே டீக்கடையில் நின்றபடி, கறுப்புப் படலத்தில் வரிசையாக இருக்கும் தன் மூளையைக் கட்டம் கட்டமாகப் பார்ப்பார். கடைசிக் கட்டம் முடிந்ததும் முகம் வாடிவிடும். "ஒரு கீறலாவது இருக்கக் கூடாதா தம்பி?"

சூளைக்குத் தீ போடுகிறவர். புருவம் பாதி கருகியிருக்கும். சூளையைப் பற்றிப் பேசும்போது மரியாதை குறையாது. "அவங்க இன்னும் ஆறல, கிட்டப் போவாத" என்பார்.

சில மாதங்களாக அவருடைய வலக்கை திடீரென்று செத்துப்போகிறது. பேச்சும் நின்றுவிடுகிறது. சற்று நேரத்தில் இரண்டும் திரும்பி வந்துவிடும். ஒருமுறை அப்படித்தான் ஒரு பலகை நிறைய கப்புகள் கைநழுவி நொறுங்கின. விருத்தாசலம் ஜங்ஷனில் ரயிலேறிச் சென்னைக்குப் போய், எம்.ஆர்.ஐ. என்கிற காந்த ஸ்கேன் எடுத்து வந்தார். படத்தில் ஒரு குறையும் இல்லை. அன்றிலிருந்து கம்பெனியில் அவருக்குப் பெயர் 'நடிகர்'.

"என்னா நடிகரே, இன்னிக்கு எந்தக் கையி?" என்று மேஸ்திரி கேட்பார். நல்லமுத்துவும் சேர்ந்து சிரிப்பார்.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். இயற்பியல் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். ஒரே தெருக்காரன் என்பதால் என்னிடமும் படத்தை நீட்டினார்.

"இது மூளையோட உருவத்தைத்தான் காட்டுதுண்ணே. சின்னச் சின்ன எடத்துலயும் ரத்தம் எவ்வளவு ஓடுதுன்னு துல்லியமா பாக்கணும்னா இதவிட பலமான காந்தம் வேணும். வெளிநாட்டுல இப்பதான் செஞ்சு பாக்குறாங்க."

"நம்ம பக்கம் எப்ப வரும்?"

"தெரியலண்ணே."

தெரிந்ததைச் சொன்னேனா, அவருடைய துன்பத்துக்குப் பெரிதாக ஒரு பெயர் வைத்தேனா, எனக்கே தெளிவில்லை. ஆனால் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இத அப்புடியே எங்க வூட்டுல வந்து சொல்லுப்பா. அவளாவது நம்பட்டும்."

அவர் மனைவி அம்சவல்லி அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதை முழுதும் கேட்டார். முறம் நிற்கவில்லை.

"படிச்ச புள்ள, நீயும் இவருக்கு ஒத்து ஊதுறியா? ரத்தம் ஓடாத மனுசன் இப்புடித்தான் மூணு வேளையும் துன்னுவாரா? இன்னொரு தடவ கீழ போட்டா வேலைக்கே வர வேணாம்னுட்டாங்க. ஏன்யா, எங்கள நடுத்தெருவுல வுடத்தான் இந்த வேசமா?"

நல்லமுத்து பதில் சொல்ல வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. படம் நழுவித் தரையில் விழுந்தது. வலக்கை தொங்கியது.

அக்கா எழுந்து வந்தார். அந்தக் கையின் சதையை நகம் பதியக் கிள்ளித் திருகினார். நல்லமுத்துவின் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. அக்காவின் விரல்கள் தாமாகவே தளர்ந்தன.

"வலிக்கலியா? சொல்லுய்யா… நெசமாவே வலிக்கலியா?"

நல்லமுத்து இடக்கையால் வலக்கையைத் தூக்கி, மறுபடியும் கிள்ளச் சொல்வதுபோல் அக்காவிடம் நீட்டினார்.