மார்னியின் சாக்பீஸ் கோடு

அடுத்தவர் வண்டியில் ஏறும் முன் மார்னி ஹோவ்லண்ட் சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுப்பாள். ஓட்டுநர் இருக்கை எங்கே நிற்கிறதோ, அது நகரும் கம்பியில் அந்த இடத்தில் ஒரு கோடு கிழிப்பாள். வேலை முடிந்ததும் அதே கோட்டுக்கு இருக்கையைத் தள்ளி நிறுத்தினால்தான் அவளுக்கு மனசு ஆறும். அவள் ஐந்தடி, இந்த வடக்கு டகோட்டா கோதுமைக்காட்டு ஆண்களோ ஆறடிக்குக் குறைவதில்லை. "ஒருத்தர் உக்கார்ற எடத்தக் கலைக்கக் கூடாது" என்பாள். மேலே விளக்கம் கேட்டால், வாயில் அதக்கியிருக்கும் சூரியகாந்தி விதையின் தோலைத் துப்பிவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

ஊருக்கு அவள் ஒருத்திதான் மெக்கானிக். இஞ்சின் மூடியைத் திறப்பது கடைசியில்தான். முதலில் வண்டிக்காரரையே ஏற்றி உட்காரவைத்து, வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவாள். வண்டிக்காரர் சொல்வது எதையும் நம்ப மாட்டாள். இதில் பலருக்கு மனத்தாங்கல் உண்டு. ஆனாலும் வேறு போக்கிடம் இல்லை.

போன நவம்பரில் ஒரு காலை ஆர்வில் ஸ்டென்சன் தன் பிக்கப் வண்டியைக் கொண்டுவந்தார். எண்பத்தொரு வயது. க்ரூஸ் கன்ட்ரோல் வேலை செய்யவில்லை. பொத்தானை அழுத்தினால் மிதிக்காமலே ஒரே வேகத்தில் வண்டியை இழுத்துப் போகும் அந்த வசதி, மற்றவர்களுக்குச் சொகுசு. ஆர்விலுக்கு அப்படியில்லை. அவர் மனைவி லவான் தொண்ணூறு மைல் தள்ளி மைனாட்டில், முதியோர் இல்லத்தில் கிடக்கிறாள். ஒருநாள் விட்டு ஒருநாள் போய் மத்தியானச் சாப்பாட்டை அவர்தான் ஊட்டுவார். வேறு யார் கைக்கும் அவள் வாய் திறப்பதில்லை. இவருடைய வலது முழங்காலோ, இருபது மைல் பெடலை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும்.

தானியக் கிடங்கில் காலைக் காப்பிக்குக் கூடும் கூட்டம் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லியிருந்தது. அதைக் கேட்டு ஃப்யூஸை மாற்றினார். பிரேக் சுவிட்சை இரண்டு தடவை மாற்றினார்.

"அவனுங்களுக்கு என்ன, வாய் சும்மா இருக்காது. மைல் கணக்கா பிரேக் லைட்டப் போட்டுக்கிட்டுப் போறேனாம். முயலுக்கெல்லாம் வழிவிடுறியான்னு கேக்குறானுங்க" என்றார் ஆர்வில்.

மார்னி மெல்லுவதை நிறுத்தினாள்.

"ஏறி உக்காருங்க. ரோட்ல போற மாதிரியே."

அவள் வண்டிக்குப் பின்னால் போய் நின்றாள். இரண்டு சிவப்பு விளக்கும் எரிந்தன.

"பிரேக்லேர்ந்து கால எடுங்க, ஆர்வில்."

"எடுத்துத்தான் இருக்கேன்."

"ரெண்டு காலையும்."

"வைக்கவே இல்லங்கறேன். எனக்குத் தெரியாதா என் கால் எங்க இருக்குன்னு?"

அவள் கதவுப் பக்கம் வந்து குனிந்தாள். இடது கால் பூட்ஸின் ஓரம் பிரேக் பெடலின் மேல் லேசாக உட்கார்ந்திருந்தது. நாற்பது வருஷம் டிராக்டர் க்ளட்சின் மேலேயே கிடந்த கால், க்ளட்ச் இல்லாத வண்டியிலும் அதைத் தேடிப் போயிருக்கிறது. பிரேக்கில் கால் பட்டால் க்ரூஸ் பிடிக்காது. இந்த ஊர்க் குடியானவர்கள் பலரிடம் அவள் இதைப் பார்த்திருக்கிறாள்; சொன்னதும் சிரித்துக்கொண்டே காலை இழுத்துக்கொள்வார்கள்.

"இடது கால்" என்றாள்.

ஆர்வில் குனிந்து பார்த்தார். கண்ணால் கண்ட பிறகுதான் அவருக்கே தெரிந்தது. தொடையைக் கையால் தூக்கிக் காலை எடுத்துக் கீழே வைத்தார். பின்சுவரில் விழுந்திருந்த சிவப்பு அணைந்தது.

"எப்பலேர்ந்து?"

"கோடையிலேர்ந்து. சக்கர வியாதி. பாதம் மரத்துக் கெடக்கு. டாக்டர்ட்ட சொல்லல. சொன்னா லைசென்ஸப் புடுங்கிருவாங்க."

"வலது பாதம்?"

அவர் ஸ்டியரிங்கைக் கையால் துடைக்க ஆரம்பித்தார்.

வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. ஒரு ஒயர் அறுந்திருந்தால் மார்னி ஐந்து நிமிஷத்தில் ஒட்டவைத்திருப்பாள். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து மணி.

"லவானுக்குப் பன்னெண்டு மணிக்குத்தான சாப்பாடு?"

"ஆமா."

"எறங்குங்க. நான் ஓட்டுறேன்."

"இன்னிக்கி ஓட்டுவ. நாளன்னிக்கி?"

"காப்பிக் கூட்டத்துல ஆறு பேரு வெட்டியாத்தான உக்காந்திருக்கானுங்க. ஆளுக்கொரு நாள் ஓட்டட்டும். நான் சொல்லிக்கிறேன்."

ஆர்வில் ஒவ்வொரு காலாக, எங்கே வைக்கிறோம் என்று பார்த்துப் பார்த்து இறங்கினார். மார்னி கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, வழக்கம்போலச் சாக்பீஸை எடுத்து இருக்கைக் கம்பியருகே குனிந்தாள்.

ஆர்வில் அவள் கையிலிருந்து அதை மெல்ல வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இதுவரை லவானுக்காக மட்டுமே திறந்துவிட்ட மறுபக்கக் கதவை நோக்கி, வண்டியைப் பிடித்துக்கொண்டே சுற்றி நடந்தார்.