நான் சாப்பிட்டுவிட்டுத்தான் ஓடினேன்

அவளைப் பட்டினி கிடக்கச் சொல்லிவிட்டு, அவளுக்குத் தெரியாமல் நான் சாப்பிட்டேன்.

இதை அழகாகச் சொல்ல முடியுமா என்று வெகுகாலம் யோசித்துப் பார்த்தேன். முடியவில்லை. அதனால் உங்களிடம் இப்படியே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பின் வந்த வருடங்கள் அவை. ஓசூரில் வண்டிகளுக்கு ஒயரிங் செய்யும் ஒரு கம்பெனி. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த நானும், வேப்பனப்பள்ளிப் பக்கத்து மஞ்சுளாவும் அங்கே பயிற்சித் தொழிலாளிகள். ஹாஸ்டலில் ஒரே அறை. நான் வயதில் மூத்தவள் என்பதால் என்னை அக்கா என்பாள்.

இருவருக்கும் ஓடப் பிடிக்கும். அவள் என்னைவிட நன்றாக ஓடுவாள்... இதையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கம்பெனிகளுக்கு இடையே நெடுந்தூர ஓட்டப் போட்டி ஒன்று வந்தது. எங்கள் பெண்களில் முன்னால் வருபவளை நிரந்தரமாக்குவோம் என்றார் மேலாளர். அதே சமயத்தில்தான், பெங்களூரிலிருந்து வந்துபோகும் இன்ஜினியர் ஒருவர் கேன்டீனில் தன் மாரத்தான் ரகசியத்தைச் சொன்னார். மாலையோடு சாப்பாட்டை முடித்துக்கொள்ள வேண்டுமாம். மறுநாள் மதியம் வரை வெறும் தண்ணீர்தானாம். காலியான வயிற்றோடு ஓடினால் உடம்பு தன் கொழுப்பையே எரித்துக்கொள்ளுமாம்.

"நாம ரெண்டு பேருமே இருந்து பாப்போம்டி" என்றேன். ஆம், நான்தான் சொன்னேன்!

முதல் நாட்கள் கனவு போல இருந்தன. விடியலில் நாங்கள் ஓடும் ஏரிக்கரையில் பனிமூட்டம், கரையும் தெரியாது, நீரும் தெரியாது. உடம்பின் எடை எங்கோ கழன்று விழுந்துவிட்டது போலிருக்கும். பக்கத்தில் மஞ்சுளாவின் மூச்சு மட்டும் கேட்கும். இருவரும் தரையில் கால் படாமல் மிதந்து போகிறோம் என்றே நினைத்தேன்.

பிறகு ஒருநாள் மேட்டில் ஏறும்போது என் கண் இருட்டியது. அடுத்த காலையில் துண்டுக்குள் கடலை மிட்டாயும் வாழைப்பழமும் சுற்றிக்கொண்டு குளியலறைக்குள் போனேன். மெல்லும் சத்தம் வெளியே கேட்காதிருக்கக் குழாயைத் திறந்துவிட்டேன்.

பசிதான் காரணமா? முதல் நாள் பசி. அதற்கடுத்த நாள்...? முதல் நாளே அவளை முந்தி ஓடினேனே, அந்த ருசியா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

"எப்டிக்கா ஒனக்கு மட்டும் காலு இப்டி வருது? எனக்கு மேட்டுலயே கெறக்கமா வருது" என்றாள்.

"பழகிரும்டி. ஒடம்பு கேக்கத்தான் செய்யும், குடுக்காத."

அவள் கொடுக்கவில்லை. என்னை நம்பினாள்.

அவள் கன்னம் ஒட்டியது. மாதவிடாய் நின்றது. "நல்லதாப் போச்சுக்கா, ஓடறதுக்குத் தொந்தரவு இல்ல" என்று சிரித்தாள். கால் எலும்பு வலிக்கிறது என்று துணி சுற்றிக்கொண்டாள். சொல்லிவிடலாம், இன்றே சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு காலையும் எண்ணினேன். ஒவ்வொரு காலையும் குழாயைத் திறந்தேன்!

போட்டியன்றும் பனி. சாலையோர ரோஜாத் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள் மேகங்களைப் போலத் தரையில் படுத்திருந்தன. முக்கால் தூரம் கடந்ததும் மஞ்சுளா விலகி, சாலையோரக் கல்லில் உட்கார்ந்தாள். பஸ்ஸுக்குக் காத்திருப்பவளைப் போல அவ்வளவு அமைதியாக... காலை ஊன்ற அவளால் முடியவில்லை.

"நீ போக்கா! நான் பின்னாடியே வர்றன்."

போனேன். நின்றிருக்கலாம், நிற்கவில்லை. என் வாழ்வில் அவ்வளவு சுகமாக நான் ஓடியதே இல்லை. என்னை வெறுக்க வேண்டுமென்றால் இதற்காக வெறுத்துவிடுங்கள்.

எங்கள் பெண்களில் நானே முன்னால் வந்தேன்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், கெண்டைக்கால் எலும்பில் விரிசல் என்றார். "ஒழுங்கா சாப்புடுறியாம்மா?"

"காலைல சாப்புட மாட்டன் சார். அக்காவும்தான் சாப்புடல. அவங்களுக்கு ஒண்ணும் ஆகலியே... என் ஒடம்புதான் சார் சரியில்ல."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீயும் அப்படித்தானா?"

"ஆமா சார்."

எத்தனை சுலபமாக வந்தது அந்தச் சொல்!

மாவுக்கட்டோடு அவள் ஊருக்குப் போனாள். திரும்பி வரவில்லை. நான் நிரந்தரமானேன். அந்தச் சம்பளத்தில்தான் இன்றும் சாப்பிடுகிறேன்... வயிறு நிறைய.

அவள் என்னை மறக்கவில்லை. மாங்காய்க் காலத்தில் தோட்டத்துப் பழம் அனுப்புவாள். அவ்வப்போது போனில் பேசுவாள். போன மாதமும் பேசினாள்.

"எம் பொண்ணு பள்ளிக்கூடத்துல ஓட்டத்துக்குப் பேரு குடுத்துட்டு வந்து நிக்கிறாக்கா. நான் வேணாம்னுட்டன். என் ஒடம்புவாகுதானே அவளுக்கும் இருக்கும்? தாங்காது இல்ல?"

பின்னாலிருந்து சிறுமியின் விசும்பல் கேட்டது. என் வாய் திறந்தது. இப்போதாவது, இந்தக் குழந்தைக்காகவாவது... குளியலறை, குழாய், கடலை மிட்டாய் எல்லாம் நாக்கு நுனி வரை வந்துவிட்டன.

"சொல்லுக்கா."

"ஆமாடி" என்றேன். "தாங்காது."

"பாத்தியா, பெரீம்மாவே சொல்லிட்டாங்க" என்று மஞ்சுளா மகளிடம் சொல்வது எனக்குக் கேட்டது.