மகள் கூப்பிட்டால் போன் அடிக்க வேண்டும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு சித்திரை மாதம். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் கடையில் தொடங்கி, நேபாளத்து மலைப்பாதை ஒன்றில் முடிந்த விஷயம் இது.

நான் கல்வராயன் மலைக்காரன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு இறங்கியவன். போர்வெல் வண்டி, மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டு, குடகில் மிளகு பறிப்பு என்று ஓடியிருக்கிறேன். ஒரே இடத்தில் ஆறு மாதம் சேர்ந்தாற்போல் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். பட்டினி கிடந்ததும் உண்டு, பஸ் ஸ்டாண்டில் படுத்ததும் உண்டு. அதையெல்லாம் பெரிய கதையாகச் சொல்ல எனக்கு வராது. கடைசியில் யாத்திரைக் குழுக்களோடு சமையல்காரனாகப் போகும் வேலை அமைந்தது. ஊரும் சுற்றலாம், வயிறும் காயாது.

அந்த வருடம் எங்கள் குழு காசிக்குப் போய், அங்கிருந்து நேபாளத்தில் முக்திநாத் கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு. குழுவில் முக்கால்வாசிப் பேர் மணலூர்பேட்டையைச் சுற்றி நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பங்கள். நேபாளத்தை யாரும் வெளிநாடாகவே நினைக்கவில்லை. "பாஸ்போர்ட்டே கேக்காத ஊரு இன்னா வெளிநாடு?" என்றுதான் பேச்சு. பாஸ்போர்ட் வேண்டாம் என்றால் போனுக்கும் ஒன்றும் வேண்டாம் என்று முடிவுகட்டிவிட்டார்கள். யாத்திரை நடத்துகிற அண்ணன் மட்டும் தன் போனில் நேபாளத்திலும் ஓடுகிற ஒரு பெரிய டேட்டா பிளான் போட்டுக்கொண்டு, "எல்லாரும் என் ஹாட்ஸ்பாட்டுல ஒட்டிக்கங்க, வீடியோ கால் பேசுங்க, படம் பாருங்க" என்று தாராளமாகச் சொல்லிவிட்டார்.

ஒரே ஒரு அம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ஐம்பத்தைந்து வயது இருக்கும். வீட்டுக்காரர் கரும்பு வெட்டுக்கு ஆள் விட்டிருந்ததால் வரவில்லை, இந்த அம்மா தனியாக வந்தார். மகளைக் கள்ளக்குறிச்சியில் கட்டிக்கொடுத்திருந்தார். மகளுக்கு முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. அடுத்தது தங்கினால் முக்திநாத் வந்து கும்பிடுகிறேன் என்று வேண்டிக்கொண்டாராம். தங்கியது. நாங்கள் திரும்பி வந்த பிறகுதான் பிரசவம் என்று டாக்டர் தேதி சொல்லியிருந்ததால், "போய்ட்டு வாம்மா" என்று மகளே அனுப்பி வைத்திருக்கிறாள்.

புறப்படும் நாளன்று காலையில், நாலு ஊர் சுற்றியவன் என்று என்னைக் கூட்டிக்கொண்டு அந்த அம்மா செல்போன் கடைக்கு வந்தார். கையில் ஒரு பட்டன் போன். கடைக்காரர் ஒவ்வொரு பிளானாகச் சொன்னார். இதில் இத்தனை ஜிபி, அதில் அதைவிட ஜாஸ்தி, இதோடு வீடியோ ஆப் இலவசம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த அம்மா கேட்டார்.

"ஏம்ப்பா, பட்டன் போன்ல ஜிபியை எங்க ஊத்தறது?"

கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். எனக்கு வீடியோ இல்லாத போன் போனே இல்லை. அதனால் என் பங்குக்கு நானும் சொன்னேன். மருமகனிடம் சொல்லி ஒரு டச் போன் வாங்கிக்கொள்ளுங்கள், நல்ல டேட்டா பிளானாகப் போடலாம், மகள் முகத்தையே பார்த்துப் பேசலாம் என்றேன்.

"மொகத்த வந்து பாத்துக்கறேன் தம்பி. அவ கூப்புட்டா என் போன் அடிக்கணும். அவ்ளோதான் எனக்கு."

கடைக்காரர் அப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்படியானால் இதே நம்பருக்கு ரோமிங் திறந்துவிட வேண்டும், அங்கே போனால் வருகிற போனுக்கும் நிமிடக் கணக்கு உண்டு, அதற்குத் தனி பேக் இருக்கிறது, டேட்டா கம்மி, விலை ஜாஸ்தி என்றார். வேறு புது சிம் வாங்கினால் கம்மியாக முடியும் என்றும் சொன்னார்.

"புது நம்பர் அவளுக்கு மனசுல நிக்காது. வலியில கீறவ நம்பரத் தேடுவாளா?" என்றார் அந்த அம்மா. பேக்கைப் போட்ட பிறகும் நகரவில்லை. ரோமிங் திறந்ததா என்று கேட்டார். திறந்தாச்சு என்றார் கடைக்காரர். கம்பெனிக்கே போன் போட்டுக் கேளுங்கள் என்றார் அந்த அம்மா. அவர் கேட்டுச் சொன்ன பிறகு, மெசேஜும் வருமா என்று கேட்டார். வெளியே ஷேர் ஆட்டோவில் காத்திருந்த மற்ற பெண்கள், "யக்கா, கடைய எழுதி வாங்கிக்கினுதான் வருவியா?" என்று கத்தினார்கள். எனக்கும் எரிச்சல்தான். அரிசி மூட்டை ஏற்ற வேண்டிய நேரம் அது.

எல்லை தாண்டியதும் மற்ற எல்லார் போனும் ஊமையாகிவிட்டது. ஹாட்ஸ்பாட் அண்ணனைச் சுற்றி எந்நேரமும் ஒரு கூட்டம். சீரியல் பார்த்தார்கள், பேரன் பேத்திக்கு மலையைக் காட்டினார்கள். அந்தப் பெரிய பிளான் போக்ரா நகரம் போய்ச் சேருவதற்குள்ளேயே தீரும் நிலைக்கு வந்துவிட்டது. அந்த அம்மாவின் பட்டன் போன் மட்டும் இடுப்புச் சுருக்குப்பையில் உயிரோடு இருந்தது. தினமும் சாயங்காலம் மகள் கூப்பிடுவாள். இரண்டு வார்த்தை பேசிவிட்டு உடனே வைத்துவிடுவார்.

போக்ராவிலிருந்து முக்திநாத்துக்கு ஜீப்பில் ஏறினோம். விடியற்காலையில் கட்டிய புளியோதரைப் பொட்டலங்கள் என் மடியில் இருந்தன. வழியில் ஒரு வளைவில், முந்தின நாள் மழையில் பாதை சரிந்து, வண்டிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. மண் அள்ளும் இயந்திரம் வேலை செய்துகொண்டிருந்தது. அந்த வளைவில் நின்றபோதுதான் சுருக்குப்பைக்குள் 'டிங்' என்றது.

அந்த அம்மா போனை என்னிடம் நீட்டினார். மருமகன் இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்து அனுப்பியிருந்தார். எழுத்துக் கூட்டிப் படித்துச் சொன்னேன். முன்னாடியே வலி வந்துவிட்டது, குழந்தை இருக்கிற நிலை சரியில்லை, ஆபரேஷன் பண்ண வேண்டும் என்கிறார்கள், மருமகனின் அம்மா பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார், மகளோ நீங்கள் சொன்னால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று அடம்பிடிக்கிறாள், உடனே கூப்பிடுங்கள். இதுதான் விஷயம்.

திருப்பிக் கூப்பிட்டோம். போகவில்லை. மெசேஜ் நுழைகிற இடத்தில் பேச்சு நுழையாது, அது எங்கள் மலையிலும் அப்படித்தான். ஹாட்ஸ்பாட் அண்ணன் தன் போனை வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தார். அதில் ஒரு சிக்னல் கோடுகூட இல்லை. அந்த அம்மா அழவில்லை. "தம்பி, எங்க போனா பேசலாம்?" என்று மட்டும் கேட்டார்.

எங்கள் ஊரில் ஒரு பாறை இருக்கிறது. சுற்றுவட்டத்தில் அங்கே மட்டும்தான் போன் எடுக்கும். அந்தப் பாறையைச் சுற்றிப் புல் முளைக்காது. நின்று நின்று தேய்ந்த தரை, பீடித்துண்டு, கடலைத்தோல். இந்த மலையிலும் ஜனங்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் அப்படி ஓர் இடம் இருக்காமலா போகும்? பாதை ஓரத்து வீட்டு வாசலில் ஒரு நேபாளப் பெண் விறகு உடைத்துக்கொண்டிருந்தார். காதில் கையை வைத்து ஜாடை காட்டினேன். அவர் கோடாலியைப் போட்டுவிட்டு, மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் மேலே கையைக் காட்டினார். பிறகு அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, தானே முன்னால் ஏற ஆரம்பித்துவிட்டார்.

செங்குத்தான ஏற்றம். கீழ்நாட்டு வயலில் நடந்த கால்களுக்கு அது சுலபமில்லை. காற்றும் கம்மி. அந்த அம்மா சில இடங்களில் கையையும் ஊன்றி ஏறினார். நான் பிடிக்கப் போனால், "நீ போனப் புடி" என்றார். மேலே ஒரு கல் சுவர். அதன் ஓரத்தில் புல் இல்லாத வெறும் தரை, நசுங்கிய சிகரெட் துண்டுகள், மிட்டாய்க் காகிதம். நின்று பார்த்தேன். இரண்டு கோடு வந்தது.

மருமகன் எடுத்து மகளிடம் கொடுத்தார். "அழுவாத. கையெழுத்து போடு. நான் சொல்றேன் இல்ல, போடு" என்றார் அந்த அம்மா. அதற்குள் சம்பந்தியம்மா போனை வாங்கிவிட்டார். அவர் குரல் எனக்கே கேட்டது.

"நீங்க எங்கியோ இருந்துகினு சொல்லிட்டா ஆச்சா சம்மந்தி? சுகப் பிரசவம் ஆவுற ஒடம்ப..."

"நான் எங்க இருந்தா இன்னா, பொண்ணு என்துங்க. போன தடவ பொறுத்துப் பொறுத்துதானே பறிகுடுத்தோம்? டாக்டரு சொல்றத கேளுங்க. கால்ல வுழுந்து கேக்கறேன், போட வுடுங்க."

லைன் அறுந்தது. அதற்குப் பிறகு எத்தனை தடவை போட்டும் கிடைக்கவில்லை. கையெழுத்துப் போட்டாளா, இல்லையா, தெரியாது.

கொஞ்ச நேரத்தில் கீழே ஹாரன் சத்தம். பாதை திறந்துவிட்டது. யாத்திரை அண்ணன் பாதித் தூரம் மூச்சிரைக்க ஏறி வந்து கூப்பிட்டார்.

"யம்மா, கோயில் கிட்டக்க வந்துட்டோம். கும்புட்டுட்டு வந்து பேசலாம், வாங்க!"

"மேல டவர் இருக்குமா?"

"அத நான் எப்படிம்மா சொல்றது?"

"அப்ப நீங்க போய்ட்டு வாங்க. என் பேரச் சொல்லி ஒரு கும்புடு போட்டுடுங்க."

"இவ்ளோ தூரம் வந்துட்டு செல்லுக்குக் காவல் ஒக்காந்துகினு கீறீங்களே, நல்லா கீதா?"

அந்த அம்மா கல் சுவரில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். அந்தக் கோயிலுக்காகத்தான் இரண்டு வருடமாகக் கீரையும் பாலும் விற்றுச் சேர்த்து வந்தவர். எனக்கும் அந்தக் கோயிலைப் பார்க்கிற ஆசை உண்டு. போன இடத்தில் பாதியில் நின்ற பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் பாஷை தெரியாத மலையில் ஒரு பொம்பளையைத் தனியே விட்டுவிட்டுப் போக முடியுமா? கீழே போய்ப் பொட்டலங்களை ஜீப்பில் இருந்தவர்களிடம் கொடுத்துவிட்டு, மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே வந்தேன்.

உட்கார்ந்திருந்தோம். தூறல் வந்தது. அந்த நேபாளப் பெண் ஒரு பழைய கம்பளியையும், உப்புப் போட்ட டீயையும் கொண்டுவந்து கொடுத்தார். திரும்பிப் போகாமல் அவரும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அவருக்கு என்ன புரிந்ததோ தெரியாது. அந்த அம்மா தன் வயிற்றைத் தொட்டுக் காட்டி, கையால் ஒரு குழந்தையின் அளவைக் காட்டியதற்கு அவர் தலையை ஆட்டினார். கோடு ஒன்றாகும், இரண்டாகும், போய்விடும். அது போகும்போதெல்லாம் நான் எழுந்து நின்று இடம் மாற்றிப் பார்ப்பேன். அந்த அம்மா என்னை அதட்டி உட்கார வைப்பார். "அது தானா வரும். நீ நவுந்தா போயிடும்."

போன் அடித்தது.

அவசரத்தில் அந்த அம்மாவுக்குப் பச்சை பட்டன் கையில் அகப்படவே இல்லை. நான்தான் அமுக்கிக் கொடுத்தேன். மருமகன் குரல். பெண் குழந்தை. எடை கொஞ்சம் கம்மி, ஆனால் நன்றாக அழுதது. தாய் மயக்கத்தில் இருக்கிறாள், பயமில்லை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் குழந்தை தங்கியிருக்காது என்று டாக்டர் சொன்னாராம்.

அந்த அம்மா போனை மடியில் வைத்துவிட்டு, முக்திநாத் எந்தப் பக்கம் என்று அந்தப் பெண்ணிடம் ஜாடையில் கேட்டார். அங்கே மேகம்தான் தெரிந்தது. அதைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "பசிக்குது தம்பி, சோறு கீதா?" என்றார். மூன்று பேரும் புளியோதரை சாப்பிட்டோம். நேபாளப் பெண்ணுக்குக் காரம் தாங்காமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைப் பார்த்து இந்த அம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுததும் அப்போதுதான்.

பொழுது சாயும் நேரத்தில் ஜீப் திரும்பி வந்தது. எல்லார் நெற்றியிலும் குங்குமம், கையில் தீர்த்த பாட்டில். யாத்திரை அண்ணன் முதலில் குழந்தையைக் கேட்டார். அடுத்து மெதுவாக, "யம்மா, வூட்டுக்கு ஒரு போன் போட்டுக்கட்டா? என்துல ஒன்னும் எடுக்க மாட்டேங்குது" என்றார். அந்த அம்மா கொடுத்தார். "ரெண்டு நிமிசந்தான். பொண்ணு கண்ணு முழிச்சா கூப்புடுவா."

திரும்பி வரும்போது காசி ரயிலில் அந்த அம்மா என்னிடம் சாதாரணமாக ஒன்று கேட்டார். "உன் வூட்ல உன்ன எந்த நம்பர்ல தம்பி கூப்புடுவாங்க?"

போகிற மாநிலத்தில் எது ஜிபி ஜாஸ்தி தருகிறதோ அந்த சிம்மைப் போட்டுக்கொள்வதுதான் என் வழக்கம். பழைய சிம் எங்காவது கிடக்கும். புது நம்பரை வீட்டுக்குச் சொல்வதற்குள் ஊரே மாறியிருக்கும். நான் கூப்பிட்டால்தான் பேச்சு. என் வீட்டுக்காரி புல் முளைக்காத அந்தப் பாறையில் நின்றுகொண்டு எத்தனை தடவை பழைய நம்பருக்குப் போட்டுப் பார்த்திருப்பாள் என்று நான் அதுவரை நினைத்ததே இல்லை. ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஊருக்கு வந்ததும் பாறைக்குக் கூட்டிப்போய் அவளுக்கு ஒரு நம்பரைச் சொன்னேன். இன்றுவரை அதுதான் என் நம்பர். கால் இன்னும் அரிக்கத்தான் செய்கிறது. அதற்குப் பிறகு இலங்கைக்கும் மலேசியாவுக்கும் குழுக்களோடு போய்விட்டேன். ஒவ்வொரு தடவையும் அதே கடைக்காரர் ஜிபிக் கணக்கை ஆரம்பிக்கும்போதே அவரை நிறுத்தி, எங்கள் ஊர்ப் பாறையில் நின்று ஒருத்தி கூப்பிட்டால் இந்த போன் அடிக்குமா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் பையைத் தூக்குகிறேன்.