தேய்ந்ததா, நெளிந்ததா

பாலக்கரை லூர்துராணிக்கு வாய் அதிகம் என்று சொல்பவர்கள் எல்லாம் அவளை ஏமாற்றப் பார்த்துத் தோற்றவர்கள். செவுளைத் தூக்கிக் காட்டாமல் எந்த மீன்காரியும் அவள் வாசலைத் தாண்டியதில்லை. மிக்சியை ரிப்பேருக்குக் கொடுத்தால், கழற்றிய பழைய சாமானைக் கையில் வாங்கிய பிறகுதான் காசு எடுப்பாள்.

அவள் கட்டிக்கொண்ட பிலோமின்ராஜோ நேர் எதிர். ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் முப்பத்தொரு வருடம் உதவியாளராக இருந்தவர். கண்டக்டரிடம் மிச்சச் சில்லறை கேட்கக் கூச்சப்பட்டு இறங்கிப் போய்விடும் ரகம். ஓய்வு பெற்றதும் ஒரு சின்ன கார் வாங்கினார். மகள் லின்சிக்கு ஸ்ரீரங்கத்தில் வங்கி வேலை. தினமும் காலையில் அவளைக் கொண்டுபோய் விடுவதுதான் பதினாலு மாதமாக அவருடைய உத்தியோகம்.

போன மாதம் காவிரிப் பாலம் இறங்கும்போது பிரேக்கை மிதித்தார். வண்டி முழுக்க உதறியது. ஸ்டியரிங் குளிர் ஜுரக்காரனைப் போல நடுங்கியது. பின் சீட்டில் இருந்த லூர்துராணி அந்த இடத்திலேயே வைத்தியம் பார்த்துவிட்டாள்.

“வண்டி நடுங்கலங்க. உங்க கால்தான் நடுங்குது. வயசாயிடுச்சுல்ல?”

அதோடு விட்டாளா? கோயில் வாசலில் சொன்னாள். பக்கத்து வீட்டில் சொன்னாள். தங்கச்சிக்குப் போன் போட்டும் சொன்னாள். இப்படியே ஒரு மாதம். லின்சி நல்ல பிள்ளை, வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. “அப்பா, பஸ்ஸே எனக்கு வசதியா இருக்குப்பா. உங்களுக்கு எதுக்கு சிரமம்?” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்தச் சிரிப்புக்கு நாலு வசவு தேவலாம்.

பிலோமின்ராஜ் அதற்குப் பிறகும் எட்டு மணிக்கெல்லாம் காரைத் துடைத்தார். துடைத்துவிட்டு, சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். பேப்பர் புரளவே இல்லை. நாலு நாள் பார்த்த லூர்துராணி ஐந்தாம் நாள், “எழுந்திரிங்க. வாங்குன எடத்துலயே காட்டிட்டு வருவோம்” என்று கிளப்பினாள்.

பைபாஸ் ஓரத்தில் இருந்தது அந்தக் கண்ணாடி மாளிகை. உள்ளே ஏசி, பூச்சாடி, வாயில் வைக்க முடியாத காபி. இரண்டு மணி நேரம் கழித்து சரவணன் வந்தான். கழுத்துப்பட்டை கட்டிய சர்வீஸ் அட்வைசர்.

“மேடம், முன்னாடி ரெண்டு பிரேக் டிஸ்க்கும் போயிடுச்சு. பேடோட சேத்து மாத்தணும். பதினோராயிரம் வரும்.”

“ரெண்டு வருஷம் வாரன்டின்னு சொல்லித்தான தம்பி வித்தீங்க?”

“இது வியர் அண்ட் டியர் மேடம். தேயுற சாமானுக்கு வாரன்டி வராது. அதோட சார் பிரேக்லயே கால வச்சு ஓட்டுறாங்க போல. டிரைவிங் ஹேபிட்டுன்னு இந்த ஜாப் கார்டுத் தாள்ல எழுதியிருக்கேன். சார், இங்க ஒரு சைன் பண்ணுங்க.”

பிலோமின்ராஜ் பேனாவை எடுத்துவிட்டார்.

“பேனாவ பையில வைங்க” என்றாள் லூர்துராணி. “கழட்டுனத காட்டுங்க தம்பி.”

“கஸ்டமர் ஒர்க்‌ஷாப் உள்ள வரக்கூடாது மேடம். சேஃப்டி.”

“என் வண்டி சாமான பாக்க எனக்கு விசா வேணுமோ?”

கேட்டுக்கொண்டே கதவைத் தள்ளி உள்ளே போய்விட்டாள். சரவணன் பின்னால் ஓடினான். மெக்கானிக் நஸ்ருல்லா, நரைத்த தாடிக்காரர், கையில் ஆயிலோடு நிமிர்ந்து பார்த்தார். அவர் காலடியில் கழற்றிய டிஸ்க்குகள், இரண்டு இரும்புத் தட்டுகளாகக் கிடந்தன.

“தேஞ்சிருச்சுன்னு சொன்னீங்களே, எங்க தேஞ்சிருக்கு?” என்றாள் லூர்துராணி. “எங்க வீட்ல ரெண்டு தோசைக்கல்லு இருக்கு. ஒண்ணு இருவது வருஷமா தேஞ்சது. அதுல தோசை பூவாட்டம் வரும். இன்னொண்ணு வாங்குன மாசமே நெளிஞ்சிடுச்சு. அடுப்புல வச்சா டக்கு டக்குன்னு ஆடும். இது தேஞ்சதா, நெளிஞ்சதா?”

“மேடம், இதெல்லாம் டெக்னிக்கல்...”

பின்னால் ஒரு இருமல் கேட்டது.

“ஸ்க்ரூகேஜ் இருக்கா பாய்?” என்றார் பிலோமின்ராஜ்.

நஸ்ருல்லா எடுத்துக் கொடுத்தார். பிலோமின்ராஜ் கைக்குட்டையால் தட்டைத் துடைத்தார். கருவியை வெறுமனே மூடி முதலில் பூஜ்யம் சரியாக நிற்கிறதா என்று பார்த்தார். பிறகு தட்டின் கனத்தைச் சுற்றி எட்டு இடத்தில் அளந்தார். அந்த மனிதரின் கால் நடுங்குகிறது என்று ஊரெல்லாம் சொன்னவள், அவர் கை கல் மாதிரி நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்க வச்சாலும் இருபத்தொண்ணு புள்ளி ஒம்பதுக்குக் கொறையல. புதுசுல எவ்வளவு பாய்?”

“இருபத்திரண்டு மில்லிமீட்டர் சார். இருபதுக்கு வந்தாதான் மாத்தணும். ஓரத்துலயே அடிச்சிருக்கான் பாருங்க.”

“அப்ப தேயல” என்றார் பிலோமின்ராஜ், மெதுவாக.

“நெளிஞ்சிருக்கா பாய்? உங்க வாயால சொல்லுங்க” என்றாள் லூர்துராணி.

நஸ்ருல்லா சரவணனை ஒரு தரம் பார்த்தார். “நெளிஞ்சதுதாம்மா. வண்டியில மாட்டியிருந்தப்பவே சுத்தவிட்டு டயல் கேஜ் வச்சுப் பாத்தேன், ஆட்டம் இருந்துச்சு. எழுதியும் குடுத்தேன்.”

சரவணன் கழுத்துப்பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். “சூடா இருக்கறப்ப தண்ணி பட்டாலும் நெளியும் மேடம். வீட்ல ஓட்டிட்டு வந்ததும் கழுவுவீங்களா?”

“வீட்ல குடிக்கவே கொழாயில தண்ணி எப்ப வரும்னு பாத்துட்டு இருக்கோம். இவரு ஈரத்துணியால தொடைக்கிறதோட சரி. சர்வீஸுக்கு விட்டப்பல்லாம் தண்ணி அடிச்சது யாருன்னு அங்க பாருங்க.”

எதிரே, ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு அப்போதுதான் உள்ளே வந்த காரின் சக்கரத்தில் ஒருவன் குழாயைப் பிடித்திருந்தான். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. தலைக்கு மேல் ‘இலவச வாட்டர் வாஷ்’ என்று பலகை வேறு.

சரவணன் மாடிக்குப் போனான். அரை மணி கழித்து, வள்ளல் முகத்தோடு இறங்கி வந்தான். “மேனேஜர்கிட்ட பேசிட்டேன் மேடம். குட்வில்லுல ஃப்ரீயா மாத்தித் தரச் சொல்லிட்டாரு.”

“ரொம்ப நன்றி தம்பி” என்று பிலோமின்ராஜ் மறுபடி பேனாவை எடுத்தார்.

லூர்துராணி ஜாப் கார்டைப் பிடுங்கிப் படித்தாள். டிரைவிங் ஹேபிட் அப்படியே உட்கார்ந்திருந்தது.

“இது ஏன் இன்னும் இருக்கு?”

“அதான் ஃப்ரீயாச்சே மேடம்?”

ஓசியில் கிடைத்தது என்று வாங்கிக்கொண்டு போகலாம். புதுத் தட்டு வரும், உதறல் நிற்கும். ஆனால் இந்த வரி வீட்டுக்கு வந்தால் லின்சி படிப்பாள், பஸ்ஸிலேயே போவாள், சாவி ஆணியிலேயே தொங்கும். சரவணனை நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாயைத் திறந்தவள், அந்த வரியையே இன்னொரு தரம் படித்தாள். இந்த வரியை முதலில் எழுதியவன் அவனா? ஜாப் கார்டு இல்லாமலே ஒரு மாதமாக ஊருக்கெல்லாம் வாசித்தவள் அவள்தானே.

“செய்யாத தப்புக்கு மன்னிப்புக் குடுக்கறதுக்குப் பேரு குட்வில்லா தம்பி? எங்களுக்கு வேணாம். அந்த வரிய அடிங்க. தட்டுக் கோளாறுன்னு எழுதி வாரன்டியில மாத்துங்க.”

“சிஸ்டத்துல ஏத்தியாச்சு மேடம். திருத்த முடியாது.”

“கையால திருத்துங்க. எங்க கல்யாணப் பத்திரிகையில மாப்ள பேரயே தப்பா அடிச்சு, ஐந்நூறையும் கையாலதான் திருத்துனோம். கல்யாணம் நடக்கலையா?”

கொண்டுபோன எலுமிச்சை சாதத்தை அந்தப் பளபள சோபாவிலேயே பிரித்தாள். ஊறுகாய் வாசனை ஏசியில் நன்றாகச் சுற்றி வந்தது. புதுக் கார் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூன்று மணிக்கு மேனேஜரே இறங்கி வந்து கையெழுத்துப் போட்டார்: டிஸ்க் நெளிவு, தயாரிப்புக் குறை, வாரன்டியில் மாற்றம். கீழே சீல்.

மறுநாள் மாலை வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். லூர்துராணி முன் சீட்டில் உட்கார்ந்து அந்தத் தாளைப் படம் எடுத்து லின்சிக்கு அனுப்பினாள். சிக்னலில் பிரேக் மிதித்தபோது வண்டி சத்தமில்லாமல் நின்றது. போன் கூவியது. ‘நாளைக்கு எட்டே முக்காலுக்கு ரெடியா இருக்கச் சொல்லும்மா அப்பாவ.’

வாசித்துக் காட்டினாள். பிலோமின்ராஜ் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீயும் படிச்சியா ராணி, அந்தத் தாள?”

“படிச்சேன்.”

“ஒரு மாசமா சொன்னியே.”

லூர்துராணி அடுத்த சிக்னல் வரைக்கும் விரல் விட்டு எதையோ எண்ணிக்கொண்டே வந்தாள்.

“ஒம்பது வீடு” என்றாள் கடைசியில். “தங்கச்சியோட சேத்தா பத்து. இன்னிக்கே போய் எல்லார்கிட்டயும் மாத்திச் சொல்லிட்டு வந்துடறேன்.”

“வண்டியில கூட்டிட்டுப் போகவா?” என்றார் பிலோமின்ராஜ்.