கட்டம் போட்ட பை

ஒரு பரங்கிக்காய்க்கு எங்கள் அப்பா கேட்ட விலையை எங்கள் சபையில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் கேட்டதில்லை. ஏழு ரூபாய். அப்பாவின் மாதச் சம்பளமே பதினெட்டு ரூபாய்தான். அதிலும் அந்தக் காய் எங்கள் வீட்டுக் கொல்லையில் காய்த்து, நாங்களே காணிக்கையாகக் கொடுத்தது.

அப்பா உத்தமபாளையத்தில் ஆரம்பப் பள்ளி வாத்தியார். சம்பளத்தன்று ஜெபம் முடிந்ததும் பணம் அம்மா கைக்குப் போய்விடும். பழைய பாவாடைத் துணியில் தைத்த ஆறு சுருக்குப் பைகளில் அம்மா அதைப் பிரித்துப் போடுவாள். முதலில் வெள்ளைப் பையில் ஆண்டவருக்குப் பத்தில் ஒரு பங்கு. பிறகு அரிசி பருப்புக்கு ஒன்று, வாடகைக்கு ஒன்று, நோய் நொடிக்கு ஒன்று. நீலப் பை என் படிப்புக்கு. வரும் ஜூனில் நான் மதுரைக்கு, போர்டிங் பள்ளிக்குப் போவதாக இருந்தது. ஆறாவது, கட்டம் போட்ட பை. அதில் மாதம் மூன்றணாவோ நாலணாவோ விழும். எதற்கென்று கேட்டால், “இருக்கட்டும்” என்பாள். ஒரு பையின் செலவுக்கு இன்னொரு பையில் கை வைக்கக் கூடாது. அப்பா ஒருமுறை மூக்குப்பொடி வாங்க அரிசிப் பையைத் திறந்துவிட்டு, ஒரு வாரம் அம்மா முகத்தைப் பார்க்கக் கூசினார்.

அறுப்பின் பண்டிகையன்று காணிக்கையாக வந்த காய்கறி, கோழி, வாழைத்தார் எல்லாவற்றையும் ஆலய வாசலில் உபதேசியார் ஏலம் விடுவார். எங்கள் காயை நாலணாவில் ஆரம்பித்தார். சபையில் வசதியான ஏலக்காய் வியாபாரி ஒருவர் காயைத் தட்டிப் பார்த்து, “வாத்தியார் வீட்டுக் காயா? பாவம், எட்டணா போட்டுக்கங்க” என்றார்.

அந்தப் ‘பாவம்’ அப்பாவுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. ஒரு ரூபாய் என்றார். வியாபாரி சிரித்துக்கொண்டே இரண்டு என்றார். அப்படியே ஆறு வரை போனது. அப்பா ஏழு என்றதும் வியாபாரி கும்பிட்டு ஒதுங்கிக்கொண்டார். சாயங்கால ஆராதனைக்குள் பணத்தைக் கட்டியாக வேண்டும்.

எனக்குத் தெரிந்து ஏழு ரூபாய் இருக்கும் பை நீலப் பை ஒன்றுதான். என் மதுரை போய்விட்டது என்று அங்கேயே அழ ஆரம்பித்தேன்.

அப்பா காயைத் தோளில் சுமந்து, தலை நிமிராமல் வீடு வந்து சேர்ந்தார். “உபதேசியார்ட்ட ரெண்டு மாசம் தவணை கேக்கட்டுமா?” என்றார் மெதுவாக.

“ஆண்டவர் சந்நிதியில சொன்ன சொல்லுக்குத் தவணை கேக்கக் கூடாதுங்க.”

“அப்ப பாப்பா பணத்தையா எடுக்கப் போற?”

“அதுல எதுக்குக் கை வைக்கணும்? நீங்க கால் கழுவிட்டு வாங்க, சாப்புடலாம்.”

பெட்டியைத் திறந்து, கட்டம் போட்ட பையை என் மடியில் கவிழ்த்தாள். அணாவும் காலணாவுமாக எண்ணிப் பார்த்தோம். ஏழு ரூபாய் ஒன்பதணா. அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “கர்த்தர் காப்பாத்திட்டாரு” என்றார். மறுவாரம் ஞாயிறு பள்ளியில் நானும் எழுந்து நின்று, சும்மா கிடந்த ஒரு பையைக் கொண்டு ஆண்டவர் எங்களைக் காத்தார் என்று சாட்சி சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

பரங்கிக்காயைப் பத்து நாள் சாப்பிட்டோம். அடுத்த சம்பளத்தன்று காலியான அந்தப் பையில் அம்மா நாலணா போட்டாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, வியாபாரி கும்பிட்டுப் பின்வாங்கிய கதையை அடுத்த வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “இது எதுக்கும்மா?” என்று மறுபடி கேட்டேன். “இருக்கட்டும்” என்றாள்.

எனக்குக் கல்யாணமான மறுவருஷம் என் வீட்டுக்காரர் பாடாத கிராமபோன் ஒன்றைப் பன்னிரண்டு ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக வந்து நின்றார். திட்ட வாயெடுத்தவள், அம்மாவை நினைத்துக்கொண்டேன். அவள் அப்பாவைத் திருத்தப் புறப்படவில்லை. அவருடைய வீம்புக்கும் மாதாமாதம் ஒரு பங்கு எடுத்து வைத்திருந்தாள். அது அவருக்கே தெரியாமல் பார்த்துக்கொண்டாள்.

அன்றைக்கே கட்டம் போட்ட துணி தேடி ஒரு பை தைத்தேன்.